ஓலையில் எழுதிய கை: அரிகோபாலன் சீடர் வாழ்வு தரும் பாடம்

கார்த்திகை மாதம் வந்தால் சாமிதோப்புத் தலைமைப் பதியில் திருஏடு வாசிப்பு 17 நாள் நடக்கும். மற்ற பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் அவரவர் வசதிப்படி நாள் குறித்து வாசிப்பார்கள். வாசிப்பவர் தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் இட்டு, ஏட்டை வணங்கி எடுத்து ராகத்தோடு படிக்கும்போது, நாராயணர் இலட்சுமி தேவிக்குச் சொன்ன கதையை நாம் கேட்கிறோம். அந்தக் கதையை ஓலையில் இறக்கி நமக்குத் தந்த கை ஒன்று உண்டு. அந்தக் கைக்கு உரியவர் தென்தாமரைகுளத்து அரிகோபாலன் சீடர். சகாதேவன் சீடர் என்றும் அவரை அழைக்கிறோம்.

15,000 வரிகளுக்கு மேல் கொண்டது அகிலத்திரட்டு அம்மானை. அத்தனை பெரிய நூலில் தம்மைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டது மிகக் கொஞ்சம். தம்மை எளியவராகக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அதனாலேயே அவரைப் பற்றி நாமும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் இறைவன் அழைக்கும்போது ஒரு மனிதன் எப்படி நடக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, அவர் வாழ்வைப்போல் தெளிவான பாடம் வேறு தேடவேண்டியதில்லை. அதைத்தான் இந்தச் சிறு ஏட்டில் சொல்ல முற்படுகிறேன்.

அவர் வாழ்ந்த காலம்

அரிகோபாலன் சீடர் வாழ்ந்தது திருவிதாங்கூர் மன்னர்கள் ஆண்ட காலம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று தெற்குத் திருவிதாங்கூர். இங்கே வாழ்ந்த நம் முன்னோர்கள் பெரும்பாலும் பனையை நம்பிப் பிழைத்தவர்கள். பதநீர், கருப்பட்டி, ஓலை, நார், விறகு என்று எல்லாவற்றையும் பனைதான் கொடுத்தது. அந்தப் பனைக்கும் வரி. ஏறுகிற ஆளின் தலைக்கும் வரி. கூலியில்லாமல் அரசுக்கும் மேல்சாதியாருக்கும் செய்யவேண்டிய ஊழியம் தனி. காலில் செருப்பு போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போடக்கூடாது, இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் எடுக்கக்கூடாது. தெருவில் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கவேண்டும் என்பதற்கும் கணக்கு இருந்தது.

எழுத்தும் எல்லோருக்கும் எளிதாகக் கிடைத்தது அல்ல. ஊர் ஆசானிடம் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையில் எழுதக் கற்றவர்கள் ஊருக்குச் சிலரே இருந்தார்கள். அந்தச் சிலரும் கடன் கணக்கு, பனைப்பாட்டக் கணக்கு, ஒற்றிச் சீட்டு எழுதுவதற்கே எழுத்தாணியை எடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களின் துன்பத்தையும் அவர்களுக்கு வரப்போகிற விடுதலையையும் ஒரு வேதமாக எழுதலாம் என்று அந்தக் காலத்தில் யாரும் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

அய்யாவின் அவதாரமும் சீடர்களும்

கொல்லம் 1008 மாசி 20. திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராக வெளிப்பட்ட நாள். ஆங்கிலக் கணக்கில் அது 1833. அங்கிருந்து தெட்சணத்துக்கு நடந்து வந்து, பூவண்டன்தோப்பு என்று அன்று சொல்லப்பட்ட இன்றைய சாமிதோப்பில் தவம் இருந்தார்கள். ஆறு ஆண்டு தவம். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டு தரையில். அதற்கடுத்த இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில். கலியை அழிக்க ஒன்று, சாதிக் கொடுமை தீர ஒன்று, பெண்கள் துயர் தீர ஒன்று என்று அந்தத் தவத்துக்குப் பொருள் சொல்வது நம் வழக்கம்.

பண்டாரத்தைப் பார்க்க மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தண்ணீரும் மண்ணும் மருந்தானது. எல்லாச் சாதியாரும் ஒரே முத்திரிக் கிணற்றில் குளித்து, ஒரே வரிசையில் இருந்து உண்டார்கள். இது அரசின் காதுக்குப் போனது. அன்று ஆண்டவர் சுவாதித் திருநாள் மன்னர். அய்யாவைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுசீந்திரத்தில் விசாரித்து, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். 110 நாள் சிறை. நஞ்சு கலந்த பால் கொடுத்ததையும், மிளகாய்ப் புகையிட்டதையும், சுண்ணாம்பு நீற்றறையில் இட்டதையும், பசித்த புலியின் கூண்டில் விட்டதையும் ஏடு வாசிப்பில் கேட்டுக் கண்ணீர் விடாதவர்கள் நம்மில் யார்? கொல்லம் 1014 மாசி 19 அன்று அய்யா விடுதலை பெற்று, வாகனத்தில் மக்கள் சுமந்து வர, சாமிதோப்பு வந்து சேர்ந்தார்கள்.

பிறகு எழுநூறு குடும்பத்தார் வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தார்கள். நாளுக்கு ஒரு வேளை உணவு, மூன்று வேளை குளியல், துணி துவைத்தல், கடற்கரை வாசம். நோயும் வறுமையும் வந்தபோதும் அந்தத் தவசை அவர்கள் பிறகு முட்டப்பதியில் தொடர்ந்தார்கள்.

இந்தக் காலத்தில்தான் அய்யா ஐந்து பேரைத் தம் சீடராகக் கொண்டார்கள். துவாபர யுகத்துப் பஞ்சபாண்டவர்களே கலியுகத்தில் இந்த ஐவராகப் பிறந்தார்கள் என்பது நம் நம்பிக்கை. தர்ம சீடர், பீம சீடர், அர்ச்சுன சீடர், நகுல சீடர், சகாதேவ சீடர் என்ற பெயர்கள் அப்படி வந்தவை. ஐந்தாவதாகிய சகாதேவ சீடர்தான் அரிகோபாலன்.

பாண்டவர்களில் இளையவனான சகாதேவனைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் ஒரு செய்தி உண்டு. அவன் சாத்திரம் அறிந்தவன். நடக்கப்போவது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறந்து சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை. போர் வரும், உறவெல்லாம் மாளும் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டே இருந்தான். அதே சகாதேவன் கலியுகத்தில் பிறந்தபோது நிலைமை மாறிவிட்டது. இப்போது சொல்லும் பொறுப்பு அவனுக்குக் கிடைத்தது. தான் செய்கிற வேலை என்ன ஆகும் என்று அறியும் சாத்திரம்தான் கையில் இல்லை.

அழைப்பு வந்த நாள்

கொல்லம் 1016 கார்த்திகை 27, வெள்ளிக்கிழமை. அன்றுதான் அகிலத்திரட்டு எழுதப்பட்டதாக அந்நூலே கணக்குச் சொல்கிறது. சீடர் உறங்கிக்கொண்டிருந்தபோது நாராயணர் அவரை எழுப்பி, எழுதவேண்டியதை உள்ளத்தில் அருளி, எழுது என்று பணித்தார். சீடர் எழுந்து எழுதினார். நிகழ்ந்தது இவ்வளவுதான்.

இதில் இல்லாத சிலவற்றையும் நாம் கவனிக்கவேண்டும். இதை எத்தனை பேர் படிப்பார்கள் என்று இறைவன் சொன்னதாக இல்லை. இதனால் உனக்கு இன்ன சிறப்பு வரும் என்று சொன்னதாகவும் இல்லை. உன்னை அரசுக் காவலர் தொடமாட்டார்கள் என்று உறுதி கொடுத்ததாகவும் இல்லை. கேட்ட சீடரும் அப்படி ஒரு உறுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுத உட்காரவில்லை. நூலின் தொடக்கத்திலேயே தம் எளிமையைச் சொல்லி, பிழை பொறுக்கும்படி பெரியோரை வேண்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்.

நம்மைப் போன்றவர்கள் என்றால் எத்தனை கேள்வி கேட்டிருப்போம்! என்னைவிடப் படித்த புலவர்கள் இருக்கிறார்களே, என்னை ஏன் அழைத்தாய் என்று கேட்டிருப்போம். குடும்பத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருப்போம். இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும், அரசின் கோபம் தணியட்டும் என்று தள்ளிப்போட்டிருப்போம். அவர் தள்ளிப்போடவில்லை.

அந்த நாளின் ஆபத்தையும் நினைத்துப் பாருங்கள். அய்யா சிறையிலிருந்து மீண்டு இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அய்யாவைச் சிறையிட்ட மன்னரே இன்னும் ஆட்சியில் இருக்கிறார். அவர் ஆட்சி 1846 வரை நடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில், அந்த ஆட்சியைக் கலிநீசன் ஆட்சி என்று பெயர் சொல்லி, அது வாங்கிய வரிகளையும் செய்த கொடுமைகளையும் வரிசையாக எழுதி, அது அழிந்து தர்மயுகம் வரும் என்றும் எழுதுகிறார் ஒரு குடிமகன். எழுதிய ஓலை ஒரு காவலன் கையில் கிடைத்தால் அதுவே சாட்சி. வாயால் சொன்னதை இல்லை என்று மறுக்கலாம். கையால் எழுதியதை மறுக்க முடியாது. அது தெரிந்தும் அவர் எழுதினார்.

எழுத்தாணி பிடித்த கை

இன்று நாம் காகிதத்தில் பேனாவால் எழுதுகிறோம்; கைபேசியில் தட்டுகிறோம். பிழை வந்தால் அழித்துக்கொள்ளலாம். ஓலையில் எழுதுவது அப்படிப்பட்ட வேலை அல்ல என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

முதலில் பதமான பனையோலையைப் பார்த்து வெட்டவேண்டும். இளங்குருத்து சுருங்கும், முற்றிய ஓலை வெடிக்கும். ஈர்க்கை நீக்கி, பதப்படுத்தி, நிழலில் உலர்த்தி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோக்கவேண்டும். எழுதுகிறவர் ஓலையை இடது கையில் பிடித்து, வலது கையில் எழுத்தாணியைப் பிடித்துக் கீறவேண்டும். அழுத்தினால் ஓலை கிழியும். அழுத்தாமல் விட்டால் எழுத்து விழாது. கிழியும் என்ற பயத்தால்தான் பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். குறில் நெடில் வேறுபாடும் பல இடங்களில் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. எழுத்தாணியால் கீறும்போது எழுத்து கறுப்பாகத் தெரியாது. ஓலையின் நிறத்திலேயே மங்கலான கீறலாக இருக்கும். எழுதி முடித்த பிறகு விளக்குக்கரியையும் பச்சிலைச் சாற்றையும் பூசித் துடைத்தால்தான் கீறலுக்குள் கரி தங்கி எழுத்து துலங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது எழுதுகிறவனுக்கே தன் எழுத்து சரியாகத் தெரியாது. கை பழகிய பழக்கத்தாலும், உள்ளத்தில் உள்ள சொல்லின் தெளிவாலும்தான் அடுத்த எழுத்தைப் போடவேண்டும்.

15,000 வரிகளுக்கு மேல் அப்படிக் கீறினார் நம் சீடர். எட்டு யுகங்களின் கதை, குறோணி ஆறு துண்டாகி யுகம்தோறும் பிறந்த கதை, கலியன் வரம் வாங்கி வந்த கதை, அய்யா அவதரித்த கதை, தவம், சிறை, துவையல், திருக்கல்யாணம், வரப்போகிற தர்மயுகப் பட்டாபிஷேகம் என்று 17 பிரிவாக நாம் வாசிக்கும் அவ்வளவும் ஒவ்வொரு கீறலாக இறங்கியது.

அதுவும் அம்மானை நடையில் எழுதினார். கற்ற புலவர்கள் மெச்சுகிற கடினமான செய்யுள் நடையில் எழுதவில்லை. அம்மானை என்பது பெண்கள் காய் எறிந்து விளையாடும்போது பாடிய பாட்டிலிருந்து வளர்ந்த நடை. காதால் கேட்டாலே புரியும். எழுதப் படிக்கத் தெரியாத பனையேறியும், வயலில் நிற்கும் பெண்ணும், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டால் போதும். யாருக்காக இறைவன் அந்த நூலைத் தந்தாரோ அவர்களுக்குப் போய்ச் சேரும் வழியில் அது வந்தது. வரிக்கு உள்ளான பனையின் ஓலையே வேதத்தைச் சுமந்தது.

அவருக்குத் தெரிந்ததும் தெரியாததும்

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும். முடிவு என்ன என்று சீடருக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் அது சரியல்ல. கலி அழியும், தர்மயுகம் வரும் என்பது அவர் கையாலேயே எழுதிய செய்தி. அதில் அவருக்கு ஐயம் இருந்திருக்க முடியாது. இறைவனுடைய முடிவு அவருக்குத் தெரியும். தன்னுடைய முடிவுதான் தெரியாது. நான் எழுதிய ஓலை என்ன ஆகும், என் பிள்ளைகள் காலத்தில் இருக்குமா, செல் அரிக்குமா, நெருப்பில் போகுமா, யார் கையில் போய்ச் சேரும் என்பது எதுவும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

நம் எல்லோருக்கும் நிலைமை இதுதான். அய்யா நம்மைக் கைவிடமாட்டார் என்பது நமக்குத் தெரியும். நாளைக்கு வேலை கிடைக்குமா, நோய் தீருமா, பிள்ளை தேறுமா என்பது தெரியாது. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குள் காலை வைப்பதுதான் நம்பிக்கை. எல்லாம் தெரிந்த பிறகு நடப்பதற்கு நம்பிக்கை எதற்கு?

இன்னும் ஒரு கடினமான வேலையும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. அய்யா வைகுண்டம் ஏகியது கொல்லம் 1026 வைகாசி 21, திங்கட்கிழமை. ஆங்கிலக் கணக்கில் 1851 ஜூன் 2. ஏடு எழுதப்பட்டது அதற்குப் பத்து ஆண்டுக்கு முன்பு. ஆனாலும் அய்யா வைகுண்டம் ஏகுவதும் ஏட்டில் வருகிறது. அய்யா உடலோடு கண்முன் இருக்கும்போதே, அவர் தம்மை விட்டுப் போவதைத் தம் கையாலேயே எழுதவேண்டிய நிலை சீடருக்கு வந்தது என்பது நம் நம்பிக்கை. அன்பு வைத்த ஒருவரின் பிரிவை முன்கூட்டியே எழுது என்றால் எந்தக் கை நடுங்காது? பிடித்த பகுதியை எழுதிவிட்டுப் பிடிக்காத பகுதியை விட்டுவிட அவர் நினைக்கவில்லை. அருளியதை அருளியபடி எழுதினார்.

ஓலை போன வழி

அவர் எழுதிய பிறகு என்ன நடந்தது என்பதைப் பார்த்தால்தான் இறைவன் கணக்கு நமக்குக் கொஞ்சம் விளங்கும்.

ஓலைக்கு ஆயுள் அதிகம் இல்லை. ஈரம் பட்டால் மக்கும், பூச்சி அரிக்கும். அதனால் பார்த்துப் பார்த்து வேறு ஓலையில் பெயர்த்து எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். தாமரைகுளம், சாமிதோப்பு, பாஞ்சாலங்குறிச்சி என்று பல இடங்களில் ஏடு பெயர்த்து எழுதப்பட்டுப் பேணப்பட்டது. புள்ளி இல்லாத எழுத்தைச் சரியாக வாசிக்க, முன்பு வாசித்தவர் வாயிலிருந்து கேட்டவர்கள் தேவைப்பட்டார்கள். அப்படி ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்டு, அந்த ஒருவர் பிறகு வாசித்து, ஏடு கைமாறி வந்தது. அந்தப் பெயர்த்து எழுதியவர்கள், வாசித்தவர்கள் பெயர்கள் நம் கல்வெட்டு எதிலும் இல்லை. அவர்களும் சீடரைப்போலவே தங்கள் பங்கை மட்டும் செய்துவிட்டுப் போனவர்கள்.

இதற்கிடையே நாடு மாறிக்கொண்டே வந்தது. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மன்னர் விட்ட பிரகடனத்தால் நம் பெண்களுக்கு மேலாடை அணியும் உரிமை கிடைத்தது. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் விட்டார். 1939-இல் அகிலத்திரட்டு அம்மானை முதன்முதலாக அச்சில் ஏறியது. சீடர் எழுதி ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து! 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. அய்யாவைச் சிறையிட்ட அரசு இன்று வரலாற்றுப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. ஊழியமும் தலைவரியும் போய்விட்டன. யாருக்கும் பயப்படாமல் தலைப்பாகை கட்டிக்கொண்டு, அதே ஏட்டை ஒலிபெருக்கி வைத்து நாம் வாசிக்கிறோம். அவதார தினமாகிய மாசி 20 அன்று நம் மாவட்டத்துக்கு விடுமுறை விடுகிறார்கள்.

இதில் ஒன்றையும் அரிகோபாலன் சீடர் கண்ணால் பார்த்து எழுத்தாணியை எடுக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த அவருக்கு முன்னால் இருந்தது ஒரு விளக்கு, ஒரு கட்டு ஓலை, உள்ளத்தில் ஒலித்த சொல். அவ்வளவுதான். அவர் எழுதிய தாமரைகுளம் இன்று பஞ்சபதிகளில் ஒன்றாக நாம் போய் வணங்கும் பதி.

நமக்குள்ள அழைப்பு

சீடருக்கு வந்தது பெரிய அழைப்பு. நமக்கெல்லாம் அப்படி வருமா என்று சிலர் கேட்பார்கள். அழைப்பு பெரிதா சிறிதா என்று அளப்பது நம் வேலை அல்ல. விடியும் முன் பதியைக் கூட்டிப் பெருக்குகிறவருக்கும், கிணற்றில் நீர் இறைக்கிறவருக்கும், உகப்படிப்புக்கு நேரம் தவறாமல் வந்து நிற்கிறவருக்கும், அன்னதர்மத்துக்கு அரிசி களைகிறவருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. பணிவிடை செய்கிறவர்களில் பலரிடம் ஒரு சோர்வைப் பார்க்கிறேன். இவ்வளவு செய்தும் கூட்டம் வரவில்லையே, யாரும் மதிக்கவில்லையே, நமக்குப் பிறகு இதை யார் செய்வார்கள் என்று வருந்துகிறார்கள். ஓலையில் எழுதும்போது எழுத்து தெரியாது என்று மேலே சொன்னேன். கரி பூசுவதும் துலங்கச் செய்வதும் வேறொருவர் கையில் இருக்கிறது. கீறல் ஒழுங்காக விழவேண்டும் என்பது மட்டுமே நம் பொறுப்பு.

அழைப்பை நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு மனதில் தோன்றியதை எல்லாம் இறைவன் சொன்னார் என்று சொல்லுவதும் அல்ல. அய்யாவின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கிறவர்களும், பயமுறுத்திக் கணக்குச் சொல்லுகிறவர்களும் எல்லாக் காலத்திலும் உண்டு. அய்யாவின் அழைப்புக்கு அடையாளம் இருக்கிறது. அது யாரையும் தாழ்த்தாது, காணிக்கை கேட்காது, அழைக்கப்பட்டவனை மேலே தூக்கிக் காட்டாது. கலி தின்ற மக்களுக்கு நன்மை எதுவோ அந்தப் பக்கமாகத்தான் அது நம்மைத் தள்ளும். சீடர் எழுதியதை இந்த அடையாளங்களோடு வைத்துப் பாருங்கள், எல்லாம் பொருந்தும். நம் மனதில் எழுகிற எண்ணத்தையும் இதே அடையாளங்களோடு வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். பொருந்தினால் பிறகு தாமதிக்கக்கூடாது.

கடைசியாக இளைஞர்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தாங்கல்களில் ஏடு வாசிக்கத் தெரிந்தவர்கள் வயதாகி வருகிறார்கள். வாசிக்க வாருங்கள் என்று கூப்பிட்டால், ராகம் வராது, பழைய சொல் வாயில் நுழையாது, தப்பாக வாசித்தால் பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று பின்வாங்குகிறீர்கள். ராகம் கேட்கக் கேட்க வரும். சொல் வாசிக்க வாசிக்க விளங்கும். பிழை பொறுக்கும்படி வேண்டிக்கொண்டுதான் அந்த நூலை எழுதியவரே தொடங்கினார். வாசிக்கிற நமக்கு அந்த வேண்டுதல் பொருந்தாதா? இந்தக் கார்த்திகையில் ஒரு பக்கம் வாசியுங்கள். பக்கத்தில் அமர்ந்து கேட்கிற சிறுபிள்ளை ஒன்று அதைக் காதில் வாங்கிக்கொள்ளும். அந்தப் பிள்ளை எந்த ஊரில், எந்தக் காலத்தில், யாருக்கு அதை வாசிக்கப்போகிறது என்பது நமக்குத் தெரியவேண்டியதில்லை.

பெரியோர்களும் அவர்கள் தடுமாறும் இடத்தில் சிரிக்காமல், மெல்லச் சொல்லிக்கொடுத்து உதவவேண்டும். நூறு ஆண்டு ஓலையிலேயே இருந்த ஏடு நம் கைவரை வந்தது அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களால்தான்.

எழுது என்றார் அய்யா, சீடர் எழுதினார். வாசி என்று நம்மை அழைக்கிறார். வாசிப்போம். மற்றதை அய்யா பார்த்துக்கொள்வார்.

சிவ சிவ சிவ அரகரா.

அய்யா உண்டு.